மனுவிலிருந்து தீர்மானத்திற்கு: ஜவ்வாது மலை மக்களும் கிராம சபையும்

குடியாட்சியில் மக்களே மன்னர் என்று தேர்தல் மேடைதோறும் கேட்கின்றோம். ஆயினும் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை வாக்களித்தபின், எஞ்சிய நாட்களெல்லாம் கையில் மனுவோடு அலுவலக வாசலில் நிற்பதே நம் நாட்டு ஏழை மக்களின் நிலையாக இருந்துவருகின்றது. ஒரு கொள்கை வகுக்கப்படும்போதும், ஒரு திட்டம் நிறைவேற்றப்படும்போதும், எளிய குடிமக்களின் குரலுக்கு அங்கே இடமுண்டா? உண்டெனில், அவ்விடத்தை அவர்கள் அடைவதற்குத் திருச்சபையின் ஊழியர்கள் எவ்வாறு துணைநிற்கலாம்? இவ்வினாக்களை ஜவ்வாது மலையின் சூழலில் வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. மலையும் மக்களும்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகிய ஜவ்வாது மலை, இன்று திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கின்றது. முன்னர் இவை அனைத்தும் வட ஆர்க்காடு என்னும் ஒரே மாவட்டமாக இருந்தன. 1989இல் திருவண்ணாமலைப் பகுதியும், 2019இல் திருப்பத்தூர்ப் பகுதியும் தனித்தனி மாவட்டங்களாகப் பிரிந்தன. இதன் விளைவாக, ஒரே மலையில், ஒரே மரபில் வாழும் மக்கள் மூன்று ஆட்சியர்களிடம் தங்கள் குறைகளைக் கூறவேண்டியவர்களாயினர். ஜமுனாமரத்தூர் மலைமேலுள்ள ஒன்றியத் தலைமையிடம். புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு ஆகியவை திருப்பத்தூர்ப் பக்கத்தைச் சேர்ந்தவை.

இங்கு வாழ்வோருள் பெரும்பான்மையினர் மலையாளி எனப்படும் பழங்குடியினர். இப்பெயர் கேரள நாட்டாரைக் குறிப்பதன்று. மலையை ஆள்வோர், மலையில் வாழ்வோர் என்னும் பொருளுடையது. இவர்கள் பேசுவது தமிழே. சாமை முதலிய சிறுதானியங்களைப் பயிரிட்டும், புளி, தேன், கடுக்காய் முதலிய காட்டு விளைபொருட்களைச் சேகரித்தும் வாழ்கின்றனர். இவர்களுடைய வீடும் வயலும் பாதையும் இடுகாடும் காப்புக்காட்டோடு பின்னிக் கிடக்கின்றன. எனவே இவர்கள் வாழ்வைத் தொடும் ஏறத்தாழ ஒவ்வொரு பொதுத்தேவையும், ஒரு சாலையாயினும் ஒரு குடிநீர்க் குழாயாயினும், வனத்துறையின் இசைவு என்னும் வாயிலைக் கடந்தே வரவேண்டியுள்ளது.

அவ்வாயில் மூடியிருந்தால் விளைவது என்ன என்பதை 2023 மே மாத இறுதியில் நாடு கண்டது. வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஒன்றியத்தில், இம்மலைத்தொடரைச் சேர்ந்த அல்லேரிப் பகுதியில், ஒன்றரை வயதுக் குழந்தையொன்றைப் பாம்பு தீண்டியது. மருத்துவமனையை அடையுமுன்னரே குழந்தை இறந்தது. உடற்கூறு ஆய்வுக்குப்பின் உடலைக் கொண்டுவந்த ஆம்புலன்சு, சாலையில்லாத காரணத்தால் பாதிவழியில் நின்றது. பெற்றோர் தம் குழந்தையின் உடலைக் கையில் ஏந்தி, ஏறத்தாழ 10 கிலோமீட்டர் நடந்து ஊர்போய்ச் சேர்ந்தனர். செய்தி எங்கும் பரவியபின் அதிகாரிகள் மலையேறினர், சாலை பேசப்பட்டது. ஒரு குழந்தையின் சாவுதான் ஓர் ஊரின் கோரிக்கையை அரசின் மேசைக்குக் கொண்டுசெல்ல வேண்டுமா? இவ்வினாவை நாம் எளிதில் கடந்துசெல்லல் ஆகாது.

2. மனுவும் தீர்மானமும்

திங்கட்கிழமைதோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் கூட்டம் நடைபெறுகின்றது. மனு அளிப்பது குடிமகனின் உரிமை. அதனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் மனுவின் தன்மையை உணர்தல் வேண்டும். மனு என்பது அதிகாரம் உடையவரிடம் அதிகாரம் இல்லாதவர் செய்யும் வேண்டுகோள். அதனை ஏற்பதும் தள்ளுவதும் பெறுபவரின் விருப்பம். ஒருவர் அளிக்கும் மனு ஒருவரின் குறையாகவே எண்ணப்படும்; அவர் சோர்ந்துபோனால் மனுவும் சோர்ந்துபோகும்.

தீர்மானம் அத்தகையதன்று. சட்டத்தால் அமைக்கப்பட்ட ஒரு சபை கூடி, வாதித்து, முடிவெடுத்து, பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிடும்போது அது ஓர் ஆவணமாகின்றது. அதனை ஏற்க மறுக்கும் அதிகாரி காரணம் கூறக் கடமைப்பட்டவராகின்றார். நீதிமன்றத்திலும் அது சான்றாக நிற்கும். மனு அளிப்பவன் கேட்கின்றான். தீர்மானம் இயற்றும் சபை முடிவுசெய்கின்றது. எளிய மக்கள் பொதுக்கொள்கையின்மீது செல்வாக்குப் பெறுவது, முதல் நிலையிலிருந்து இரண்டாம் நிலைக்கு அவர்கள் கடந்துவரும்போதே என்பது நம் கருத்து.

3. சட்டம் தந்துள்ள இடம்

அரசியலமைப்பின் 73ஆம் திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் உள்ள அனைவரும் சேர்ந்ததே கிராம சபை. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994இல் இயற்றப்பட்டது. சனவரி 26, மே 1, ஆகசுட்டு 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களில் கூடிவந்த கிராம சபை, 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களிலும் கூடுகின்றது. ஊராட்சியின் மக்கள்தொகை 500க்குட்பட்டால் 50 பேரும், 3,000 வரை 100 பேரும், 10,000 வரை 200 பேரும், அதற்கு மேற்பட்டால் 300 பேரும் வந்திருத்தல் வேண்டும்.

ஓர் உண்மையை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். வட இந்தியப் பழங்குடிப் பகுதிகள் பலவற்றிற்கு அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணை தனிக் காப்பளிக்கின்றது. தமிழ்நாட்டில் அவ்வட்டவணைப் பகுதி எதுவும் இல்லை. ஆகையால் அப்பகுதிகளுக்கென 1996இல் இயற்றப்பட்ட ஊராட்சி விரிவாக்கச் சட்டத்தின் பாதுகாப்பு ஜவ்வாது மலைக்குக் கிட்டவில்லை. இக்குறையை ஓரளவு நிரப்புவது 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமே.

அச்சட்டம் பிறந்த வரலாறே நம் பொருளுக்குச் சான்று பகர்கின்றது. 2002 மே மாதத்தில் மத்திய சுற்றுச்சூழல், வனத்துறை அமைச்சகம், காட்டு ஆக்கிரமிப்புகளை அகற்றுமாறு மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. பல மாநிலங்களில் பழங்குடியினர் வெளியேற்றப்பட்டனர். அதனை எதிர்த்து மலைகளிலிருந்தும் காடுகளிலிருந்தும் எழுந்த மக்கள் இயக்கங்களின் ஒன்றுபட்ட குரலே, நான்கு ஆண்டுகளில் நாடாளுமன்றத்தை இச்சட்டத்திற்கு இட்டுச்சென்றது. பழங்குடியினருக்கு வரலாற்றில் அநீதி இழைக்கப்பட்டது என்பதைச் சட்டத்தின் முகவுரையே ஒப்புக்கொள்கின்றது. தமிழ்நாட்டில் 2008இல் உயர்நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால ஆணையால் உரிமைப் பத்திரம் வழங்குதல் தடைப்பட்டது. 2016இல் உச்சநீதிமன்றம் அத்தடையை நீக்கிய பின்னரே வழி திறந்தது. நாட்டின் பிற பகுதிகளைவிட எட்டு ஆண்டுகள் பின்தங்கியே நம் மலைவாழ் மக்கள் இச்சட்டத்தின் பயனை நாடத் தொடங்கினர்.

4. சாலைக்கும் நிலத்திற்கும் தீர்மானம்

இச்சட்டத்தின் 3ஆம் பிரிவின் 2ஆம் உட்பிரிவு, பள்ளி, மருந்தகம், அங்கன்வாடி, நியாயவிலைக் கடை, மின்கம்பி, குடிநீர்க் குழாய், சாலை, சமுதாயக் கூடம் உள்ளிட்ட 13 வகைப் பொதுவசதிகளுக்குக் காட்டு நிலத்தை அளிக்க இடந்தருகின்றது. ஒவ்வொன்றுக்கும் ஒரு எக்டேருக்குக் குறைந்த நிலமே எடுக்கப்படல் வேண்டும். எக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டப்படலாகாது. கிராம சபை அதனைப் பரிந்துரைத்திருத்தல் வேண்டும். இம்மூன்றாவது நிபந்தனையைக் கூர்ந்து நோக்குவோம். மக்களின் தீர்மானம் இங்கே ஒரு மரியாதைச் சடங்கன்று. அது இல்லையேல் இவ்வழியே திறவாது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு எக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர். 4 மீட்டர் அகலமுள்ள சாலை காட்டு நிலத்தில் இரண்டரை கிலோமீட்டர் ஓடினால் அந்த அளவை எட்டிவிடும். ஆகவே, அருகிலுள்ள சாலையோடு ஒரு சிற்றூரை இணைக்கும் குறுகிய பாதைக்கு இப்பிரிவு பொருந்தும். பத்துக் கிலோமீட்டர் மலைச்சாலைக்குப் பொருந்தாது. அதற்கு 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய அரசின் ஒப்புதல் வேண்டும். அச்சட்டம் 2023இல் திருத்தப்பட்டுப் பெயரும் மாறியுள்ளது. எந்தக் கோரிக்கை எந்தச் சட்டத்தின்கீழ் எந்த அலுவலகத்திற்குச் செல்லவேண்டும் என்று அறியாமையால், ஆண்டுக்கணக்கில் தவறான வாயிலைத் தட்டிக்கொண்டிருக்கும் ஊர்கள் பல.

உழும் நிலத்திற்கான உரிமையும் இவ்வாறே கிராம சபையில் தொடங்குகின்றது. 2005 டிசம்பர் 13க்கு முன்னிருந்தே காட்டு நிலத்தை அனுபவித்துவரும் பழங்குடிக் குடும்பம், அனுபவத்திலுள்ள அளவிற்கு, 4 எக்டேருக்கு மேற்படாமல் உரிமை கோரலாம். மணமானவராயின் பத்திரம் கணவன், மனைவி இருவர் பெயரிலும் அமையும். சபை தேர்ந்தெடுக்கும் வன உரிமைக் குழு நிலத்தை நேரில் கண்டு ஆராய்கின்றது. சபையின் தீர்மானம் கோட்ட அளவிலான குழுவிற்கும், பின்னர் ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவிற்கும் செல்கின்றது. கீழ்நிலை முடிவில் குறையிருப்பின் 60 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

சான்றாக ஏற்கப்படுபவை எவை என்பது நம் கவனத்திற்குரியது. அரசு ஆவணங்கள் மட்டுமல்ல. பழைய கிணறு, வீட்டின் அடித்தளம், இடுகாடு, வழிபாட்டிடம் ஆகியனவும் சான்றுகளே. உரிமை கோருபவர் அல்லாத முதியவர் ஒருவர் கூறும் வாக்குமூலம் எழுதப்பெற்றால் அதுவும் சான்றே. எழுத்தறியாத மூதாட்டியின் நினைவைச் சட்டம் ஆவணமாக ஏற்கும் இவ்விடத்தில், எளியோரின் சொல்லுக்கு மதிப்பு உண்டாகின்றது. ஆனால் முதியோர் மறைந்துகொண்டிருக்கின்றனர். எழுதப்படாத வாக்குமூலம் அவர்களோடு புதைக்கப்படும்.

மேலும், 2012இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, வன உரிமை பற்றிய கிராம சபைக்கு உறுப்பினருள் பாதிப்பேரேனும் வந்திருத்தல் வேண்டும். வந்தோருள் மூன்றிலொரு பங்கினரேனும் பெண்களாயிருத்தல் வேண்டும். ஊர்ப் பெரியோர் கூடும் மரபுவழிக் கூட்டங்களில் பெரும்பாலும் ஆண்களே பேசுவர். விறகும் தண்ணீரும் சுமப்பவளே பாதையின் அருமையை அறிவாள். அவளின்றிச் சபை நிறைவதில்லை என்று சட்டம் கூறுவது சிறிய மாற்றமன்று.

5. நியமகிரி கற்பிப்பது

ஏட்டிலுள்ள இவ்வதிகாரம் நடைமுறையில் செல்லுமா என ஐயுறுவோர், ஒடிசாவின் நியமகிரி மலையை நோக்குவாராக. அங்கு டோங்ரியா கோந்து பழங்குடியினர் தெய்வமாகப் போற்றும் மலையில் பாக்சைட்டுக் கனிமம் எடுக்கத் திட்டமிடப்பட்டது. 2013 ஏப்ரல் 18 அன்று உச்சநீதிமன்றம், அம்மக்களின் வழிபாட்டுரிமையும் பிற உரிமைகளும் பாதிக்கப்படுமா என்பதைக் கிராம சபைகளே ஆராய்ந்து கூறவேண்டும் எனத் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு சூலை, ஆகசுட்டு மாதங்களில் 12 கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் சுரங்கத்தை மறுத்தன. 2014இல் மத்திய அரசு அத்திட்டத்திற்கு ஒப்புதல் மறுத்தது. பெரும் நிறுவனத்தின் பொருள்வலிமைக்கு எதிரே நின்றது, மலைவாழ் மக்கள் தம் மொழியில் பேசி, தம் கைரேகையைப் பதித்த தீர்மானங்களே. ஜவ்வாது மலையின் தேவை வேறு. அங்கு வேண்டாம் என்றனர், இங்கு வேண்டும் என்கின்றனர். எனினும் கருவி ஒன்றே.

6. செவிசாய்க்கப்படாதபோது

தீர்மானம் இயற்றியவுடன் எல்லாம் நடந்துவிடும் என்று நாம் கூறவில்லை. தீர்மானம் எந்த மேசையில் கிடக்கின்றது என்பதை அறிய, 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் உதவும். 10 ரூபாய்க் கட்டணத்தில் விண்ணப்பிக்கலாம். வறுமைக்கோட்டிற்குக் கீழுள்ளோர்க்கு அதுவும் இல்லை. 30 நாட்களுக்குள் விடை தரப்படல் வேண்டும். அதற்கு மேல் சட்டமன்ற உறுப்பினர், மனித உரிமை ஆணையம், நீதிமன்றம் என்னும் வாயில்கள் உண்டு.

2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திர மாநிலம் சேசாசலம் காட்டில், செம்மரம் வெட்டியதாகக் கூறப்பட்டு 20 தமிழர் சுட்டுக்கொல்லப்பட்டனர். அவர்களுள் பலர் ஜவ்வாது மலையையும் அதன் அடிவாரத்தையும் சேர்ந்த கூலித்தொழிலாளர்கள். பிழைப்பின்மையே இத்தகையோரை இடைத்தரகர் கையில் சேர்க்கின்றது என்பது மலையை அறிந்தோர் அனைவர்க்கும் தெரிந்ததே. இறந்தோருள் ஒருவரின் மனைவி துணிந்து நீதிமன்றத்தை நாடினார். அதன் பயனாக ஆறு உடல்களுக்கு மறு உடற்கூறு ஆய்வு நடத்த ஆணை பிறந்தது. கணவனை இழந்த ஓர் ஏழைப் பெண்ணின் வழக்கு, ஒரு மாநில அரசைப் பதில் சொல்லவைத்தது.

அண்டையிலுள்ள சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியின் வரலாறு இன்னும் நெடியது. 1992 சூன் 20 அன்று அங்கு நிகழ்ந்த கொடுமைகளை விசாரிக்குமாறு மலைவாழ் மக்கள் சங்கமும் அதன் துணைநின்றோரும் போராடினர். 1995இல் மத்தியப் புலனாய்வுத் துறையின் விசாரணைக்கு உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. 2011 செப்டம்பர் 29 அன்று, குற்றஞ்சாட்டப்பட்ட 269 அரசு ஊழியர்களுள் அன்று உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. 2023 செப்டம்பர் 29 அன்று உயர்நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. 31 ஆண்டுகள்! சாட்சி சொன்ன பெண்கள் இளமையில் தொடங்கி முதுமையை நெருங்கும்வரை தம் சொல்லில் மாறவில்லை. மக்களின் செல்வாக்கு என்பது ஒருநாள் முழக்கமன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

7. செலொப்பியாத்தின் குமாரத்திகள்

விவிலியத்தில் குடிமக்களின் கோரிக்கையால் சட்டம் மாறியதற்கு எண்ணாகமம் 27ஆம் அதிகாரம் தெளிவான சான்று. மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள் என்னும் ஐவர், ஆண்மகனில்லாத தங்கள் தந்தையின் காணியாட்சி அற்றுப்போகக் கூடாதென முறையிட்டனர். அவர்கள் மோசேயைத் தனிமையில் சந்தித்து இரங்கும்படி வேண்டவில்லை. ஆசரிப்புக் கூடாரவாசலில், ஆசாரியனும் பிரபுக்களும் சபையார் அனைவரும் காண நின்று, தங்கள் வழக்கைக் காரணங்களோடு எடுத்துரைத்தனர். மோசே உடனே விடைகூறாமல் வழக்கைக் கடவுளின் சமுகத்தில் வைத்தார். அவர்கள் கேட்டது சரியென்பதே கடவுளின் விடை. ஐவரின் குறை அனைவருக்குமான பிரமாணமாயிற்று.

ஆயினும் 36ஆம் அதிகாரத்தில் அவர்களுடைய குலத்துத் தலைவர்கள் மோசேயிடம் வந்து, அப்பிரமாணத்திற்கு ஒரு வரையறை பெற்றுச் சென்றதை நாம் மறத்தலாகாது. பெற்ற உரிமைக்கும் காவல் வேண்டும் என்பது இதனால் விளங்குகின்றது. இங்கே மோசேயின் பங்கையும் நோக்குவோம். அவர் அப்பெண்களுக்காகப் பேசவில்லை. அவர்கள் பேசியதைக் கேட்டார், உரிய இடத்திற்குக் கொண்டுசென்றார்.

8. ஆயரின் இடம்

நம் சபைகளின் நல்ல மரபொன்று இங்கே மறுஆய்வுக்கு உரியதாகின்றது. ஏழைகளுக்கு இடர் நேர்ந்தால், ஆயர் திருச்சபையின் முத்திரைத்தாளில் ஒரு கடிதம் எழுதி, தாமே அலுவலகத்திற்குச் சென்று காரியத்தை முடித்துவருவார். அன்பினால் செய்யப்படும் இப்பணி சில வேளைகளில் உயிர்காக்கும். ஆயினும் அதுவே வழக்கமானால், மக்கள் ஆட்சியரிடம் மட்டுமன்றி ஆயரிடமும் மனுதாரராகிவிடுகின்றனர். ஆயர் மாற்றலாகிச் சென்றபின் ஊருக்கு வாயில்லை. அவர் விட்டுச்செல்ல வேண்டியது கடிதமன்று; தீர்மானம் எழுதத் தெரிந்த ஓர் ஊரே.

ஆகவே, மலையிலோ மலையடிவாரத்திலோ பணிபுரிவோர் செய்யத்தக்கவை சில. கிராம சபை கூடும் நாட்களைச் சிற்றூர்தோறும் முன்கூட்டி அறிவிக்கலாம். ஓர் ஊராட்சியில் பல சிற்றூர்கள் சிதறிக் கிடப்பதால், தொலைவிலுள்ளோர் சபைக்கு வந்துசேர வழிசெய்யலாம். பொருள்நிரலில் தங்கள் தேவை இடம்பெற வேண்டுமெனத் தலைவரிடமோ தனி அலுவலரிடமோ மக்களே எழுதிக் கொடுக்கப் பயிற்றலாம். முதியோரின் வாக்குமூலங்களை இளைஞர் எழுதிவைக்க ஊக்கலாம். தீர்மானத்தின் படியைக் கேட்டுப்பெற்று ஊரில் பாதுகாக்கச் சொல்லலாம். கோடை விடுமுறையில் களப்பணிக்குச் செல்லும் இறையியல் மாணவர் ஒருவர், ஒரு சிற்றூரில் இவற்றுள் ஒன்றையேனும் நிறைவாகச் செய்துமுடித்தால், அவர் கற்ற இறையியல் வீணாகவில்லை எனலாம்.

இரண்டு எச்சரிக்கைகள் தேவை. ஜவ்வாது மலை மக்களுள் மிகப் பெரும்பாலோர் கிறிஸ்தவர் அல்லர். அவர்களுக்குச் செய்யும் உதவியைச் சமயமாற்றத்திற்குத் தூண்டிலாக்குவது அவர்களின் மாண்பிற்கும் நற்செய்தியின் மாண்பிற்கும் இழுக்கு. அத்தகைய ஐயம் எழுந்தாலே மக்களின் வழக்கும் வலுவிழக்கும். அடுத்து, அரசியல் கட்சி எதற்கும் அவர்களை ஆள்சேர்த்துக் கொடுப்பது நம் பணியன்று. யாருக்கு வாக்களிப்பது என்பது அவர்கள் முடிவு. சபையில் என்ன தீர்மானிப்பது என்பதும் அவர்கள் முடிவே.

அடுத்த கிராம சபை நாளில், நாம் ஊழியம் செய்யும் ஊராட்சியில் எத்தனை பேர் கூடுவர், எத்தனை பெண்கள் பேசுவர், அவர்கள் பேசியது பதிவேட்டில் எழுதப்படுமா என்பதை அறிந்துகொள்வது நம் முதற்கடமையாகட்டும். பல ஊர்களில் வெற்றுத்தாளில் கையொப்பம் வாங்கிப் பின்னர் தீர்மானம் எழுதும் வழக்கம் இன்றும் உண்டு. அவ்வெற்றுத்தாளை மக்கள் தம் சொற்களால் நிரப்பும் நாளில், ஆம்புலன்சு நின்றுபோகும் இடத்திற்கு அப்பாலும் பாதை நீளத் தொடங்கும்.